எட்டு உறைத் தண்ணீர்

மழைக்காலம் எப்போது முடிகிறது என்பதை அந்தக் குடியிருப்பில் வானம் முடிவு செய்வதில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் முடிவு செய்வார். லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது: டிசம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியோடு மழைக்காலம் நிறைவடைகிறது. அதற்குள் கிணற்றில் எட்டு உறைக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால் கிணறு தொடரும். நிற்காவிட்டால் கிணறு மூடப்பட்டு, அந்த இடம் நான்கு கார்கள் நிறுத்துவதற்கு ஏற்றவாறு மேம்படுத்தப்படும். கீழே தலைவரின் கையெழுத்து. அதற்குக் கீழே அவர் ஓய்வு பெறும்போது வகித்த பதவி. அதற்கும் கீழே, இடம் மிச்சமிருந்ததால், அதற்கு முன்பு வகித்த பதவி.

அதை முதலில் படித்தவர் மோட்டார்காரர். ஒட்டியவரும் அவர்தான். பசை காய்வதற்குள் நான்கு தடவை படித்துவிட்டார். நான்கு தடவையும் எட்டு எட்டாகவே இருந்தது.

உறை என்பது கிணற்றின் உள்சுவராக ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய சிமெண்ட் வளையம். ஒன்று ஓரடி உயரம். அந்தக் கிணற்றில் மொத்தம் முப்பத்தாறு. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மேலிருந்து பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் வந்துவிடும். இப்போது கீழிருந்து எண்ணுவதுதான் சுலபம். இரண்டரை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் அது எப்போதாவது தலைகாட்டும். மற்றபடி நாற்பத்தெட்டு வீட்டுக்கும் அவர் ‘மோட்டார்’. காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்புவது, தொட்டி கழுவுவது, குழாய் ஒழுகினால் பார்ப்பது, பார்த்ததை வாஷரிடம் சொல்வது என்று பதினாறு வருஷம் ஓடியிருந்தது. வாஷர் என்பது பிளம்பர். எந்த வீட்டில் எது கெட்டாலும், குனிந்து பார்க்கும் முன்பே "வாஷர் போயிருச்சு" என்று சொல்லிவிடுவதால் அந்தப் பெயர்.

கிணற்றை ஒட்டி மோட்டார் அறை. மோட்டார் அறையை ஒட்டி இன்னோர் அறை. அதில்தான் மோட்டார்காரரும் அவர் வீட்டுக்காரியும் குடியிருந்தார்கள். அந்த அம்மாளின் தையல் மிஷின் ஜன்னலோரம் கிணற்றைப் பார்த்தபடி இருக்கும். நாற்பத்தெட்டு வீட்டுத் தலையணை உறைகளும் அந்த மிஷினில் ஒருமுறையாவது ஏறி இறங்கியிருக்கும். கிணறு போனால் லாரித் தண்ணீர்தான். லாரித் தண்ணீருக்குத் தரைத்தொட்டியும் தானாக அணையும் ஒரு சுவிட்சும் போதும். அந்த சுவிட்சுக்குச் சம்பளமும் வேண்டாம், குடியிருக்க அறையும் வேண்டாம். அறையைச் சங்க அலுவலகமாக மாற்றுவது பற்றி ஏற்கெனவே பேச்சு நடந்துவிட்டது. மேஜையை எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

"எட்டு வருமாங்க?" என்று கேட்டாள் வீட்டுக்காரி, ஊசியில் நூல் கோத்தபடி.

"மழை பேஞ்சா வரும்."

"அப்ப நம்ம பொழப்பு மேகத்து கையில இருக்குன்னு சொல்லுங்க."

"மேகத்து கையில இருந்தாத்தான் தேவலையே. தலைவர் கையில இல்ல இருக்கு."

இதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மழைத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பலாம் என்ற யோசனை தலைவருடையதுதான். அதாவது, மோட்டார்காரர் ஆறு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வளாகம் முழுக்க சிமெண்ட் கல் பதித்தாகிவிட்டது, மண்ணுக்குள் ஒரு சொட்டு இறங்க வழியில்லை, மொட்டை மாடியில் விழுகிற அத்தனையும் குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது, அதைத் திருப்பி ஒரு வடிகட்டும் தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டால் போதும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பார்த்தார். "பரிசீலிப்போம்" என்று தலைவரும் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். பிறகு ஒருநாள் எதிர்க் குடியிருப்பின் தலைவர், மழைநீர்த் தொட்டி ஒன்றின் பக்கத்தில் கத்தரிக்கோலோடு நிற்கும் படம் பேப்பரில் வந்தது. அன்று காலை குளித்துக்கொண்டிருக்கும்போதே நம் தலைவருக்கு அந்த யோசனை சுயமாக உதித்துவிட்டது. ஈரத் தலையோடு வந்து மோட்டார்காரரிடம் விளக்கினார். மோட்டார்காரரும் முதல்முறையாகக் கேட்பவர்போல வாயைத் திறந்துகொண்டு கேட்டார். கிணறு பிழைக்கிறதென்றால் யோசனை யாருக்குப் பிறந்தால் என்ன.

ஐப்பசிக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. மாடியிலிருந்து இறங்கும் நான்கு குழாய்களையும் வாஷர் ஒன்றாகச் சேர்த்தான். அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பழையபடி தெருவுக்கும், ஒரு கிளை கிணற்றோரத்துத் தொட்டிக்கும் போனது. தொட்டிக் கிளையில் ஒரு வால்வு. வால்வு திறந்திருந்தால் தண்ணீர் பள்ளமான தொட்டிக்குள் இறங்கும்; மூடியிருந்தால் தெருவுக்குப் போகும். தொட்டிக்குள் அடியில் பெருங்கல், மேலே கரி, அதன்மேல் மணல், எல்லாவற்றுக்கும் மேல் கூழாங்கல். அடியிலிருந்து ஒரு குழாய் கிணற்றுக்குள். மோட்டார்காரர் பத்து நாள் சம்மட்டியும் கடப்பாரையுமாகக் கிடந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, நம் அறைக்குக்கூட இப்படி உழைத்ததில்லை என்றாள். இதுவும் அறைக்குத்தான் என்றார் அவர்.

கடைசி நாள் வாஷர் வால்வைத் திறந்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். தலைவர் வந்தார். தொட்டியை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தார். மூடச் சொன்னார்.

திறப்பு விழா நடக்கவில்லையாம். நடக்காமல் எப்படித் திறந்திருக்க முடியும்? நீர்வளத் துறையின் பெரிய அதிகாரி ஒருவர் வர இசைந்திருக்கிறார். அவர் கையால் வால்வைத் திருகி, முதல் நீர் அவர் கண்முன்னே தொட்டியில் விழ வேண்டும். அதுவரை ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது. வாஷர் மறுபடி வால்வை மூடினான். தலைவர் அத்தோடு விடாமல் வால்வின் சக்கரத்தையே கழற்றச் சொல்லி, அதைக் கெட்டித் துணியில் சுற்றித் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். விழா நாளில் தட்டில் வைத்து நீட்டுவதற்காம். மொட்டையாக நின்ற வால்வின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டப்பட்டது. அதன்பிறகு கூழாங்கல் போதுமான வெள்ளையாக இல்லை என்று கண்டுபிடிக்கப்பட்டது. மோட்டார்காரர் அத்தனை கல்லையும் வெளியே அள்ளிப் போட்டுக் கழுவினார், கிணற்றுத் தண்ணீரில். அன்று மாலை மூன்றாவது மாடிக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை.

அதிகாரி முதலில் ஒரு புதன்கிழமை வருவதாக இருந்தது. கல்வெட்டில் அவருடைய பட்டங்களில் ஒன்று விட்டுப்போனதால் கல்லை மாற்ற வேண்டியதாயிற்று, புதன் போனது. அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை. அன்று அவர் வெளியூரில் ஏரிகள் வற்றுவதைப் பற்றிய மாநாட்டில் இருந்தார். மூன்றாவதாக நவம்பர் பத்தொன்பது என்று முடிவானது.

பதினெட்டாம் தேதி மதியம் மழை வந்துவிட்டது.

சும்மா தூறல் இல்லை. பள்ளி வேன் வாசலில் திரும்பும் நேரத்துக்கு வானம் கறுத்து, வேன் நிற்பதற்குள் கொட்ட ஆரம்பித்தது. அந்த மழைக்காலத்தின் முதல் மழை. மோட்டார்காரர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் வெளியே ஓடி வந்தார். நான்கு குழாய்த் தண்ணீரும் ஒன்று சேர்ந்து, தொட்டிப் பக்கம் வழியில்லாமல், தெருப் பக்கம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஓசையே வேறு. மேல்தொட்டி நிரம்பி வழியும் ஓசை அவருக்குத் தெரியும். இது அதைப்போல் பத்துத் தொட்டி ஒரே நேரத்தில் வழிவதுபோல் இருந்தது. தெருச் சாக்கடை அதை வாங்க முடியாமல் பக்கத்துக் கடைப் படிக்கட்டில் ஏறியது. இதே ஓட்டம் இரண்டு மணி நேரம் கிணற்றுக்குள் விழுந்தால் எட்டு உறை என்ன, பத்தே நிற்கும்.

படியேறி, இரண்டாவது மாடிக் கதவைத் தட்டினார். தலைவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, மழையைப் பற்றி நான்கு வரி எழுதிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, யார் யார் கைதட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சக்கரத்தக் குடுங்க சார். அத்தனையும் தெருவுக்குப் போவுது."

"போகட்டும்ப்பா. முதல் மழை அழுக்கு. மாடியில உள்ள தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதுலதான் வரும். முதல் மழைய உள்ள விடக்கூடாதுன்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கான். நீ படிக்கல."

மோட்டார்காரர் புத்தகம் படிக்காவிட்டாலும் இது தெரியும். முதல் கால்மணி நேரத்துத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும் என்பதைத்தான் வாஷரும் சொல்லியிருந்தான். கால்மணி நேரம் முடிந்துவிட்டது சார், மாடி இந்நேரம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும், இனி வருவதெல்லாம் நல்ல தண்ணீர் என்று எடுத்துச் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் பதில் இல்லை என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. அதிகாரியின் அலுவலகம். தலைவர் எழுந்து நின்று பேசினார். "ஆமாங்க... புரியுதுங்க... கண்டிப்பா" என்று நான்கு முறை சொல்லிவிட்டு வைத்தார். முகத்தில் ஒரு துக்கம்.

"நாளைக்கு விழா இல்லப்பா. மழையா இருக்கறதால ஒத்தி வெச்சுட்டாங்க."

மழைநீர் சேகரிப்பு விழா மழையால் தள்ளிப்போனதில் அந்த அறையில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. உறுத்தியது ஒருவருக்குத்தான், அவர் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்புத் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி, தலைவர் வீட்டுக் கால்மிதியில் சேகரமாகிக்கொண்டிருந்தது.

"அப்ப திறந்துடலாமா சார்? விழாவுக்கு மறுபடி மூடிக்கலாம்."

"அதெப்படிப்பா? ஒரு தடவை தண்ணி போனா அப்புறம் அது திறப்பு விழாவா? வந்தவரு கேப்பாரு இல்ல, ஏற்கெனவே ஈரமா இருக்கேன்னு. எதுக்கும் ஒரு முறை இருக்கு."

இரவெல்லாம் பெய்தது. மறுநாள் காலை கிணற்றை எட்டிப் பார்த்தார். இரண்டே முக்கால். கிணற்றை மூடிய கம்பி வலை வழியாக நேரடியாக விழுந்த தண்ணீர் அது. அந்தக் கால் உறையைக் கிணறு தன் முயற்சியால் சம்பாதித்திருந்தது. காலை முழுக்கத் தூறியது. மதியம் மீண்டும் வலுத்தது. மோட்டார்காரர் வாஷருக்குப் போன் போட்டார். சக்கரம் இல்லாமல் வால்வைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

"தண்டு வெளிய நீட்டிட்டுத்தானே இருக்கு. பைப் ரிஞ்சு போட்டு நாலு சுத்து சுத்தினா திறந்துக்கும். ஆனா அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எனக்கு அந்தக் கட்டடத்துல இன்னும் ஆறு கக்கூஸ் பாக்கியிருக்கு."

குழாயைக் கவ்வித் திருகும் பைப் ரிஞ்சு ஒன்று மோட்டார் அறையில் இருந்தது. அதை எடுத்து வரும்போது வீட்டுக்காரி மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு குடையை எடுத்து வந்து, அவர் குனிந்திருந்த இடத்தில் ரிப்பனுக்கும் அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். அவர் ரிப்பனை மேலே தள்ளிவிட்டு, தண்டில் ரிஞ்சை மாட்டித் திருகினார். நான்கு சுற்று.

தெருப் பக்கம் இரைச்சல் மட்டுப்பட்டது. தொட்டிப் பக்கம் தொடங்கியது. வெள்ளைக் கூழாங்கற்களின் மேல் தண்ணீர் விழுந்து, பரவி, உள்ளே இறங்கியது. கரியும் மணலும் முதலில் தங்கள் தாகத்தைத் தீர்த்துக்கொண்டன. ஐந்து நிமிஷத்துக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்காரி கிணற்று வலைமேல் காதை வைத்துக் கேட்டாள். பிறகு கையைத் தூக்கி ஆட்டினாள். கீழே விழுகிறது. முப்பதடி ஆழத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பதுபோல். அவள் சிரித்ததைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் அந்த ஈரத்தில் நின்று, கல்யாணமான புதிதில்கூடச் சிரிக்காத மாதிரி சிரித்தார்கள்.

தலைவர் ஜன்னலோரத்தில்தான் இருந்தார் என்பதை அவர்கள் மறந்துபோனார்கள்.

அவர் கறுப்புக் குடையோடு இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட மோட்டார்காரர் ஏதாவது எதிர்த்துச் சொல்லியிருப்பார். தலைவர் தொட்டியைப் பார்த்தார். கூழாங்கற்கள் பழுப்பாகிவிட்டிருந்தன. கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கும் என்றார். சங்கச் சொத்தில் அனுமதி இல்லாமல் கை வைத்தால் என்னவென்று விதிமுறைகளில் இருக்கிறது என்றார். பதினாறு வருஷம் இருந்த ஆளை அப்படி அனுப்பத் தனக்கு மனசு வராது என்றும் சொன்னார். அதை அவர் அன்பாகத்தான் சொன்னார்.

"மூடு."

மோட்டார்காரர் வீட்டுக்காரியைப் பார்த்தார். அவள் கிணற்று வலையிலிருந்து காதை எடுக்கவில்லை. இன்று அனுப்பினால் இந்த மழையில் எங்கே போவது? டிசம்பர் வரையாவது கூரை இருக்கும். எட்டு உறை வந்தாலும் வரும். இப்போது வேலை போனால் எட்டு உறை வந்தும் என்ன புண்ணியம்? இத்தனையும் அவர் தலைக்குள் ஓடி முடிவதற்குள் கை தானாகவே ரிஞ்சை மாட்டிவிட்டது. நான்கு சுற்று. தெருப் பக்கம் மறுபடி இரைந்தது. குடை பிடிக்க யாரும் வரவில்லை.

வால்வுக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் வந்தன. மழை விட்ட பிறகு கூழாங்கற்களை மீண்டும் கழுவச் சொன்னார் தலைவர். மோட்டார்காரர் மோட்டாரைப் போட்டார். பத்து நிமிஷ மழையில் ஏறியது முக்கால் உறை. கழுவியதில் இறங்கியது ஒன்று.

அதன்பிறகு வானம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

விழா பன்னிரண்டு நாள் கழித்து, சுள்ளென்ற வெயிலில் நடந்தது. பந்தல் போட்டிருந்தார்கள், வெயிலுக்கு. இப்போது ஒரு சிக்கல். வால்வைத் திருகினால் தண்ணீர் விழ வேண்டுமே. தலைவர் அதற்கும் வழி வைத்திருந்தார். காலையிலேயே தண்ணீர் லாரி ஒன்று பின்வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து நீளக் குழாய் மாடிக்கு ஏறியது. மோட்டார்காரர் மாடியில் குழாய் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழே தலைவர் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டியதும் திறந்துவிட வேண்டும். மழை பெய்ததுபோல் தண்ணீர் இறங்கும்.

லாரித் தண்ணீரைப் பார்த்ததும் மோட்டார்காரருக்கு ஒரு கணக்கு ஓடியது. இது எவன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரோ தெரியாது. இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு லாரி முழுக்க உள்ளே போனால் நான்கு உறை ஏறும். இருப்பதோடு சேர்த்தால் ஆறுக்கு மேல். அதற்குமேல் ஒரே ஒரு மழை போதும். மாடியில் வெயிலில் நின்றுகொண்டு அவர் இதையே திரும்பத் திரும்பக் கூட்டினார். கீழே பேச்சு நடந்தது. மாடி வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு துளியும் உயிர் என்று அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் மேஜைமேல் இருந்த பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு மூடி வைத்தார். அடுத்த தாகத்துக்கு வேறு பாட்டில் திறந்தார்.

கைக்குட்டை ஆடியது. மோட்டார்காரர் திறந்துவிட்டார். கீழே கைதட்டல். எட்டிப் பார்த்தார். பளபளவென்ற சக்கரத்தில் அதிகாரியின் கை. தொட்டியில் தண்ணீர். கேமராக்கள். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கைக்குட்டை மறுபடி ஆடியது, இந்தத் தடவை குறுக்கே. நிறுத்து. மோட்டார்காரர் புரியாததுபோல் நின்றார். தலைவர் இரண்டு கையாலும் ஆட்டினார். பிறகு லாரிக்காரரே கீழே அடைத்துவிட்டார். குழாய் அவர் கையில் துவண்டது.

இறங்கி வந்து, மிச்சத் தண்ணீரையும் தொட்டியிலேயே விட்டுவிடலாமே சார் என்றார். தலைவர் அவரை விசித்திரமாகப் பார்த்தார். காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரை யாராவது மண்ணில் ஊற்றுவார்களா? அது குடியிருப்பவர்களுக்கு. தரைத்தொட்டிக்குப் போனது. போகும் வழியில், அதிகாரியின் காரில் தூசி படிந்திருப்பதாக ஒருவர் கவனித்தார்.

அதிகாரிக்கு நினைவுப் பரிசாக என்ன கொடுப்பது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் தலைவர் வால்வின் சக்கரத்தையே தட்டில் வைத்து நீட்டிவிட்டார். அவரும் நெகிழ்ந்துபோய் வாங்கிக்கொண்டார். ஒருவகையில் நல்லதாயிற்று. சக்கரம் இல்லாமல் தலைவரால் இனி வால்வை மூட முடியாது. பூட்டும் போய்விட்டது. தொட்டியின் வாய் இரவும் பகலும் திறந்தே இருந்தது.

மிச்சமிருந்த நாட்களில் மோட்டார்காரர் கழுத்து வலிக்க மேலே பார்த்தார். மேகம் வந்தது. நின்றது. கலைந்தது. ஒருநாள் சாயங்காலம் கால்மணி நேரம் தூறியது. தொட்டியின் மணல் ஈரமானதோடு சரி. வானிலை அறிக்கையில் ஒவ்வொரு நாளும் "ஓரிரு இடங்களில்" என்றார்கள். அந்த ஓரிரு இடங்கள் எங்கே இருக்கின்றன என்று விசாரித்து அங்கேயே குடிபோய்விடலாம் என்றாள் வீட்டுக்காரி. வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த நாளே மிஷினுக்கு ஒரு மரப்பெட்டி தேடிக்கொண்டு வந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. தினமும் காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் அவர் மோட்டாரைப் போட்டாக வேண்டும். ஒரு நாள் மாலை போடாமல் இருந்து பார்த்தார். ஏழு மணிக்குள் பதினோரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. எட்டு உறை ஏற வேண்டிய கிணற்றிலிருந்து நாளுக்கு இரண்டு வேளை இறைத்துக் கொடுப்பதும் அவருடைய வேலைதான். அதற்குத்தான் சம்பளம்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. மழைக்காலம் முடிந்தது. தலைவரும் நிர்வாகக் குழுவினர் நான்கு பேரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். மோட்டார்காரர் போல்ட்டு கட்டிய நூலை இறக்கி, எடுத்து, நனைந்த நீளத்தை அளந்து காட்டினார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"மூணு சார்."

தலைவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமி, கூடியிருந்த ஐந்து பேருக்கும் பொதுக்கூட்டத்தில் பேசும் குரலில் சொன்னார்:

"மழைநீர் சேகரிப்புத் திட்டம் முழு வெற்றி. அதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கிணறுதான் ஒத்துழைக்கல."

குழுவினர் தலையாட்டினார்கள். தொட்டி அப்படியே இருக்கட்டும், கல்வெட்டும் இருக்கட்டும், மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கும் என்று தீர்மானமாயிற்று. அந்தத் தொட்டியில் வடிகிற தண்ணீர் இனிமேல் எங்கே போகும் என்று மோட்டார்காரர் கேட்டார். அது தொழில்நுட்பப் பிரச்சினை, பிறகு பார்க்கலாம் என்றார்கள். அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்தால் போதும், அவசரமில்லை. இந்தத் திட்டத்துக்கு அவர் கொடுத்த ஒத்துழைப்பைப் பாராட்டி ஒரு சான்றிதழ் தயாராகி வருவதாகத் தலைவர் காதோடு சொன்னார். அதில் பெயர் போட வேண்டும், அவருடைய பெயர் என்ன என்று கேட்டார்.

அவர் சொன்னார். தலைவர் எழுதிக்கொண்டு, நல்ல பெயராக இருக்கிறதே என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை இடிபாட்டுக் கல் ஏற்றிய லாரி வந்தது. வளாகத்தின் வாசல் குறுகல்; உள்ளே கார்கள் வேறு. லாரி பின்பக்கமாகத்தான் வர வேண்டும், ஓட்டுநருக்கோ பின்னால் ஒன்றும் தெரியவில்லை. இடம் தெரிந்த ஆள் யாராவது நின்று வழி சொல்லுங்கள் என்று கத்தினார். காவலாளி மோட்டார்காரரைக் கைகாட்டினான். வளாகத்தில் எந்த இடத்தில் குழாய் போகிறது, எங்கே பாரம் தாங்கும், எங்கே தாங்காது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் லாரியின் பின்னால் போய் நின்றார்.

"வரட்டும்... வரட்டும்... வலப்பக்கம் ஒடி... அங்க பைப்பு இருக்கு, பாத்து... நேரா விடு... வரட்டும்."

சக்கரம் தொட்டியை உரசாமல் தாண்டியது. கிணற்றின் விளிம்புக்கு இரண்டடி இருக்கும்போது லாரியின் பக்கவாட்டில் தட்டினார். லாரி நின்றது. கம்பி வலையை அவரே தூக்கி ஓரமாக வைத்தார். ஓட்டுநர் இறங்கி வந்து, பழக்கத்தில் ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டுப் பார்த்தார். கொஞ்சம் தாமதித்து, கீழிருந்து சத்தம் வந்தது.

"தண்ணி இருக்கும் போலிருக்கேண்ணே."

"இருக்கு."

"நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணி."

"அப்புறம் ஏன் மூடறீங்க?"

மோட்டார்காரர் யோசித்தார். எங்கே ஆரம்பிப்பது என்று பார்த்தார். ஓட்டுநருக்கு இன்னும் மூன்று நடை பாக்கி இருந்தது. இரண்டாவது மாடி ஜன்னல் திறந்திருந்தது. அறைக்குள் வீட்டுக்காரி மிஷினின் தலையைக் கழற்றிப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். கனமாக இருந்ததால் அவரைக் கூப்பிட்டாள்.

"இதோ வரேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஓட்டுநரிடம் திரும்பினார்.

"இன்னும் ஒரு அடி பின்னால வரணும். இல்லாட்டி கல்லு பாதி வெளிய விழுந்துடும்."